கோயிலா, பதிவு அலுவலகமா, எஸ்.பி. அலுவலகமா? வீட்டை எதிர்த்து மணம் முடிப்பவர்கள் முதலில் எங்கே போக வேண்டும்

வீட்டுச் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தவர்கள் என் அலுவலகத்துக்கு வந்தால் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "கோயில்ல பண்ணிக்கிட்டாப் போதுமா அக்கா, இல்ல ரிஜிஸ்டர் மேரேஜா?" எது செல்லும், எது செல்லாமல் போகும் என்ற பயம் அவர்களுக்கு. நியாயமான பயம்தான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு. உங்கள் வீட்டுக்கு இது எப்போது தெரியவரும்? யார் மூலம் தெரியவரும்? அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? இதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் கோயிலா பதிவா என்று பேச ஆரம்பிக்க முடியும்.

கல்யாணம் நடந்ததை நிரூபிப்பது ஒரு காரியம். உயிருக்குப் பாதுகாப்புத் தேடுவது வேறொரு காரியம். சான்றிதழ் முதல் காரியத்துக்குத்தான் உதவும். விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த கண்ணகியும் முருகேசனும் 2003 மே மாதம் முறைப்படி திருமணத்தைப் பதிவு செய்தார்கள். பதிவு செய்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். ஜூலையில் விஷயம் வெளியே வந்தது. இருவரையும் பிடித்துக் கொண்டுவந்து விஷம் கொடுத்துக் கொன்றார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. வழக்கைத் திரித்த போலீஸ் அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அவர்களுடைய திருமணம் சட்டப்படி செல்லும் திருமணம்தான். பதிவில் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு ஆபத்து இருக்கிறது என்று சொல்லும் ஒரு தாள் மட்டும் எந்த அதிகாரியின் மேசையிலும் இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டையும் தனித்தனியாகவே ஒப்பிடுகிறேன்.

வயதை முதலில் முடித்துவிடுவோம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு மாதம் குறைந்தாலும் கடத்தல் வழக்கும் போக்சோவும் பையன்மேல் விழும். காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பெண் 18 முடிந்தவள், பையனுக்குத்தான் 21 ஆகவில்லை என்றால் கல்யாணத்தைத் தள்ளிவையுங்கள். ஆனால் பாதுகாப்புக் கேட்கத் தடை இல்லை. மேஜரான, அதாவது 18 வயது நிறைந்த, இருவர் கல்யாணம் ஆகாமலேகூடச் சேர்ந்து வாழலாம் என்று கேரள வழக்கு ஒன்றில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கல்யாணம்: மூன்று வழிகள்

கோயில் கல்யாணம் பலருக்கும் மனதுக்கு நெருக்கமானது. ஆனால் பெரிய கோயில்களில் முதல் திருமணச் சான்று கேட்பார்கள். அதை வி.ஏ.ஓ.விடம் வாங்க வேண்டும். நீங்கள் மனுவோடு வி.ஏ.ஓ. அலுவலகப் படியேறிய அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பெற்றோரின் ஆதாரைக் கேட்கும் கோயில்களும் உண்டு. இதெல்லாம் கேட்காத சின்னக் கோயில் என்றால் ரசீதோ பதிவோ இருக்காது. பிற்பாடு கல்யாணம் நடந்ததை நிரூபிக்கப் போட்டோவைத்தான் நம்ப வேண்டும். வீட்டு எதிர்ப்பு கடுமையாக இருக்கும் இடத்தில் கோயிலை நான் சொல்வதில்லை.

இரண்டாவது வழி சுயமரியாதைத் திருமணம். இரண்டு பேருமே இந்துக்கள் என்றால், எந்தச் சாதியாக இருந்தாலும், என் முதல் சிபாரிசு இதுதான். சட்டப்படி இந்து என்ற சொல்லில் பௌத்தர், சமணர், சீக்கியரும் அடக்கம். அண்ணா ஆட்சியில் 1967இல் இயற்றி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 7ஏ பிரிவு, தமிழ்நாட்டுக்கென்று இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். உறவினரோ நண்பரோ வேறு யாரோ இருக்கும் இடத்தில், இருவருக்கும் புரிகிற மொழியில், இவரை என் கணவராக, மனைவியாக ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டு மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இந்த மூன்றில் ஒன்று நடந்தாலே போதும்.

இதில் ஒரு குழப்பம் பல வருடம் இருந்தது. வக்கீல் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் ரகசியமாகச் செய்யும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டியே பல இடங்களில் பெண்ணைப் பிரித்துக் கூட்டிப் போனார்கள். 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை ரத்து செய்தது. ஊரறியச் சொல்ல வேண்டும் என்று 7ஏ பிரிவில் இல்லை. வீட்டு எதிர்ப்புக்குப் பயந்தவர்களை ஊரறியச் செய் என்று கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிரையே ஆபத்தில் தள்ளும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். வக்கீலும் நண்பராகவோ உறவினராகவோ சமூக சேவகராகவோ நின்று நடத்திவைக்கலாம். வக்கீல் தொழிலின் பேரில் செய்யக் கூடாது. ஸ்டேஷனில் யாராவது பழைய தீர்ப்பை எடுத்துப் பேசினால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

நடத்திவைக்க ஆள் இல்லை என்ற கவலை வேண்டாம். சென்னை பெரியார் திடலில் சுயமரியாதைத் திருமண நிலையம் இருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சி தன் அலுவலகங்களைச் சாதி மறுப்புத் திருமணத்துக்குத் திறந்துவைப்பதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. இது பேச்சளவு அறிவிப்பு இல்லை. அப்படி ஒரு கல்யாணத்தை நடத்திவைத்ததற்காக 2024 ஜூனில் திருநெல்வேலியில் அவர்கள் அலுவலகத்தையே அடித்து உடைத்தார்கள். உதவி செய்கிறவர்களுக்கும் ஆபத்து வரும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் பெயரை முன்கூட்டியே வெளியே விடாதீர்கள்.

கல்யாணம் முடிந்ததும் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. நீங்கள் அந்த 90 நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் மறுநாளே போங்கள். பெற்றோரைக் கூட்டிவா என்று சொல்லும் சார்பதிவாளரும் இருக்கிறார். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. ஏன் முடியாது என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், அநேகமாக அங்கேயே விஷயம் முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை. சடங்கோ உறுதிமொழியோ எதுவும் நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாலை மாற்றுவதைப் போட்டோவும் வீடியோவும் எடுங்கள், உறுதிமொழி சொல்வது காதில் விழும்படி.

மூன்றாவது, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் வேறு வேறு, யாரும் மதம் மாறப்போவதில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் வழி. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் 30 நாள் நோட்டீஸ்தான் வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லிவிடும். இருவரில் ஒருவராவது ஒரு மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்த பிறகு அங்கே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து நோட்டீஸ் புத்தகத்தைப் பார்க்கலாம், கட்டணம்கூட இல்லை. சென்னைக்குப் போய்க் கொடுத்தால் ஊருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்ட அலுவலகத்துக்கும் போகும், அங்கேயும் ஒட்டப்படும். தம்பதி கேட்டால்தான் நோட்டீஸ் வெளியிட வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. இங்கே ஒட்டித்தான் வருகிறார்கள்.

அந்த 30 நாளில் ஆட்சேபம் வரும். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பது ஆட்சேபம் ஆகாது. ஏற்கெனவே கணவனோ மனைவியோ இருப்பது, வயது, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை என்ற காரணங்கள் மட்டும்தான் எடுபடும். ஆனாலும் ஆட்சேபம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை விசாரிக்க அதிகாரிக்கு இன்னும் 30 நாள் இருக்கிறது. நியாயமில்லாத ஆட்சேபம் சொன்னவருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் போட முடியும். மகளைத் தடுக்கக் கிளம்பியவருக்கு அது எந்த மூலைக்கு?

ஆக, நோட்டீஸ் கொடுத்த பிறகே இரண்டு மாதம் வரை நீளக்கூடிய ஒரு வழி இது. வீட்டில் இருந்துகொண்டே இந்த நோட்டீஸைக் கொடுக்காதீர்கள். வெளியேறி, வேறு ஊரில் வேலையும் விடுதியும் பார்த்து, குடியிருப்புக்கு ஆதாரம் சேர்த்து, போலீஸுக்கு மனு போன பிறகுதான் நோட்டீஸ். அவசரத்துக்கு ஒருவர் மதம் மாறி ஒரே மதமாகச் செய்துகொள்வது சுலபமாகத் தோன்றும். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாமுக்கோ மாறினால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும். அதோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகும். நம்பிக்கையால் மாறுவது வேறு விஷயம். நாள் மிச்சம் பிடிக்க மாறாதீர்கள்.

பாதுகாப்பு: யாரிடம் கேட்பது

கல்யாணம் முடித்து மாலையோடு மகளிர் ஸ்டேஷனுக்குப் போவதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது. "தஞ்சம்" என்று மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். அங்கே என்ன நடக்கும் என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு வீட்டாருக்கும் போன் போகும். ஒரு மணி நேரத்தில் பெண் வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்குவார்கள். அம்மா தரையில் விழுந்து அழுவார். சித்தப்பா மரத்தடியில் நின்று எதுவும் பேசாமல் பையனையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அழுகிற அம்மாவைவிட அந்தச் சித்தப்பாவைப் பார்த்தால்தான் பயமாக இருக்கும். மூன்று, நான்கு மணி நேரம் இப்படிப் போகும். பெண் சாப்பிட்டிருக்க மாட்டாள். "ஒரு வாரம் வீட்டுக்கு வாம்மா, நாங்களே ஊரைக் கூட்டி ரிசப்ஷன் வெச்சு அனுப்பறோம்" என்று யாராவது சொல்வார்கள். களைத்துப்போன பெண் சரி என்று தலையாட்டும் இடம் அதுதான். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். அந்த ஒரு வாரம் முடிந்து திரும்பி வராத பெண்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, எழுதி வாங்குவது. "இனி எங்களுக்கும் இவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சொத்தில் பங்கு கேட்க மாட்டேன்" என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போக முடியும் என்ற நிலை வந்து, போட்டுவிட்டீர்கள் என்றால் கலங்க வேண்டாம். அசையாச் சொத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும்; ஸ்டேஷனில் எழுதிய தாளால் பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கு போய்விடாது.

உள்ளூர் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது, உடனே கிடைக்கும். அதன் நல்லது அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் நல்லவராக இருந்தாலும் அவரைச் சுற்றி இருப்பவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். ஆகவே ஸ்டேஷனை முதல் இடமாக வைக்காமல் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தை முதல் இடமாக வையுங்கள். அதற்குச் சட்ட அடிப்படை உண்டு. உசிலம்பட்டிப் பகுதியில் 2014இல் நடந்த ஒரு மரணம் குறித்த வழக்கில், 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு அமைக்க உத்தரவிட்டார். எஸ்.பி., மாவட்ட சமூக நல அலுவலர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் அதில் இருக்க வேண்டும். 24 மணி நேர உதவி எண் வேண்டும். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே நாடு முழுவதற்கும் ஆக்கியது. அந்தத் தீர்ப்பில் பலரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டுமல்ல, செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு, அவர்கள் கேட்டால் போலீஸ் பாதுகாப்போடு திருமணம் நடத்தவும் பதியவும் நிர்வாகம் உதவ வேண்டும். ஆக, தாலி கட்டிய பிறகுதான் மனு கொடுக்க முடியும் என்பது தவறு. வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளிலேயே மனு கிளம்ப வேண்டும்.

மனுவில் என்ன எழுதுவது? நான் மேஜர், இன்ன தேதியில் பிறந்தேன். என் விருப்பத்தில் வந்தேன், யாரும் கடத்தவில்லை. நகையோ பணமோ எடுத்து வரவில்லை. இந்த வரி முக்கியம், ஏனென்றால் 'பெண் காணவில்லை' புகாரோடு சேர்ந்து 50 பவுன் திருட்டுப் புகாரும் வரும். கம்மல்கூட எடுக்காமல் வருவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். யார், எந்தத் தேதியில், எந்த வார்த்தை சொல்லி மிரட்டினார்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். "உயிருக்கு ஆபத்து" என்று பொதுவாக எழுதுவதைவிட, அண்ணன் போனில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வலுவானது. பையனின் அப்பா, அம்மா, தங்கை பெயரையும் முகவரியையும் சேர்த்து அவர்களுக்கும் பாதுகாப்புக் கேளுங்கள். தருமபுரியில் 2012 நவம்பர் 7 அன்று ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். ஊரைவிட்டு ஓடியவர்கள் இருவர். பாதிக்கப்பட்டது ஊரில் இருந்தவர்கள் எல்லோரும்.

இந்த மனுவை இருவருடைய மாவட்ட எஸ்.பி.க்கும், சமூக நல அலுவலருக்கும், உள்ளூர் ஸ்டேஷனுக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, மெயிலிலும் அனுப்புங்கள். ரசீதைப் போட்டோ எடுத்து நம்பகமான மூன்றாவது ஆளிடம் கொடுத்துவையுங்கள். நேரில் கொடுத்தால் மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வாக்குமூலத்துக்கு ஸ்டேஷனுக்கு வா என்று பெண்ணை வற்புறுத்த முடியாது. அவள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். கர்நாடகத்தில் ஒரு கல்லூரி விரிவுரையாளரை அப்படி வற்புறுத்திய அதிகாரியை 2021இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இரண்டு மேஜர்கள் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை என்பதையும் அதே தீர்ப்பு மறுபடி சொன்னது.

எஸ்.பி. அலுவலகம் அசையவில்லை என்றால் அடுத்தது உயர் நீதிமன்றம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. இங்கே நீதிபதி முதலில் கேட்பது, போலீஸில் மனு கொடுத்தீர்களா என்பதைத்தான். அந்த ஸ்பீடு போஸ்ட் ரசீது அப்போதுதான் பயன்படும். பெரும்பாலும் வரும் உத்தரவு, மனுவைப் பரிசீலித்து அச்சுறுத்தல் இருந்தால் தகுந்த பாதுகாப்புக் கொடுங்கள் என்பதாக இருக்கும். சிலருக்கு இது ஏமாற்றம். ஆனால் அந்த உத்தரவு கையில் இருந்தால் ஸ்டேஷனில் பேசும் தொனியே மாறிவிடும், கண்ணால் பார்த்திருக்கிறேன். குறை இரண்டு. செலவு ஒன்று, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 எண்ணில் கேட்கலாம். மற்றது, பெற்றோரும் எதிர்மனுதாரர்களாக இருந்தால் மனு நகல் அவர்கள் கைக்குப் போகும், அதில் உங்கள் முகவரி இருக்கும். தங்கும் இடத்தை எழுதாமல் வக்கீல் மூலம் என்று கொடுக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆளை நீதிமன்றத்தில் நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பது ஆட்கொணர்வு மனு. அது இரண்டு பக்கமும் வெட்டும். பெண்ணை வீட்டில் அடைத்துவிட்டார்கள் என்றால் கணவன் போடலாம். மகளைச் சட்டவிரோதமாக வைத்திருக்கிறான் என்று அப்பாவும் போடலாம். அப்பா போட்டால் பயந்து ஒளியாதீர்கள், நேரில் போங்கள். நீதிபதிகள் பெண்ணிடம் பேசுவது சில நிமிடங்கள்தான். மேஜர் என்று தெரிந்து, யாரோடு போக விரும்புகிறாய் என்ற கேள்விக்கு அவள் தெளிவாகப் பதில் சொன்னால் வழக்கு முடிந்தது. கஷ்டம் அதற்கு முன்னால் வராந்தாவில் இருக்கிறது. வழக்கு எண் கூப்பிடும்வரை இரண்டு குடும்பமும் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும். கூட ஒரு தோழியோ, வக்கீல் அக்காவோ பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

உயர் நீதிமன்றம் தூரம், அவசரம் அதிகம் என்றால் அதிகம் பேர் பயன்படுத்தாத வழி ஒன்று உண்டு. சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரைத் தேடி மீட்க மாஜிஸ்திரேட்டோ, வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வோ வாரண்ட் போடலாம். பழைய சட்டத்தில் 97ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 100ஆம் பிரிவு. உள்ளூர் நீதிமன்றத்திலேயே முடியும்.

தம்பதியில் ஒருவர் பட்டியல் சாதி என்றால், சாதியைச் சொல்லி மிரட்டினாலோ தாக்கினாலோ, பையன் வீட்டை ஊர் ஒதுக்கிவைத்தாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுங்கள். டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. ஆணவக் கொலைகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் ஐ.டி. ஊழியர் கவின் கொல்லப்பட்ட பிறகு, அதைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று அக்டோபரில் அரசு அறிவித்தது. அது நல்லபடியாக வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நாளைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பப்போகும் பெண்ணுக்கு இன்றைக்கு இருக்கும் வழிகளைத்தான் சொல்ல முடியும்.

எங்கே தங்குவது

எல்லோரும் முதலில் நினைப்பது பையன் வீடு. என் பார்வையில் இருப்பதிலேயே ஆபத்தானது அதுதான். முகவரி தெரிந்த இடம், பக்கத்து ஊர். பழனியைச் சேர்ந்த கௌசல்யாவும் உடுமலைப்பேட்டை அருகேயுள்ள சங்கரும் 2015 ஜூலையில் மணம் முடித்தார்கள். 2016 மார்ச் 13 அன்று, எட்டு மாதம் கழித்து, பட்டப்பகலில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கரை வெட்டிக் கொன்றார்கள். ஆறு மாதம் அமைதியாகப் போனால் கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சக்தி வாஹினி தீர்ப்பு மாவட்டத் தலைநகரில் பாதுகாப்பு இல்லம் இருக்க வேண்டும் என்கிறது. பெயரளவுக்கு ஒரு கட்டணம், முதலில் ஒரு மாதம், பிறகு மாதாமாதம் நீட்டித்து ஒரு வருடம் வரை. நேரில் கேட்டால் கை விரிப்பார்கள் என்றாலும் மனுவில் இதை எழுதியே கேளுங்கள். இல்லை என்று எழுத்தில் வந்தால் உயர் நீதிமன்றத்தில் அதுவே வாதம். பெண்ணுக்கு மட்டும் உடனடி இடம் வேண்டுமென்றால் 181க்கு அழைத்து ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் என்றால் வெளியூர்தான். சொந்தக்காரர் இல்லாத ஊர், வேலை கிடைக்கும் ஊர்.

வெளியூர் போகும்போது ஆதாரைக் கவனியுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண் பதிவுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தபோது, ஓ.டி.பி. வரவேண்டிய எண் அவளுடையது இல்லை. பள்ளிக்கூட நாளில் அப்பா தன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அவர் வயலில் நின்றபடி தன் போனில் அந்த ஆறு இலக்கத்தைப் பார்த்திருக்கிறார். பத்தாவது நிமிடம் அழைப்பு வந்தது. ஆகவே கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் உங்கள் எண்ணை மாற்றிவிடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பீரோவிலிருந்து எடுக்க முடியாவிட்டால் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இறக்கி வையுங்கள்.

சரி, எந்த நிலைமைக்கு எது? இருவரும் இந்து, எதிர்ப்பு இருக்கிறது ஆனால் மிரட்டல் இல்லை என்றால் சுயமரியாதைத் திருமணம், மறுநாள் பதிவு, எஸ்.பி.க்கு ஒரு மனு. உயர் நீதிமன்றம் தேவைப்படாது. மிரட்டல் வந்துவிட்டது என்றால் முதலில் வெளியேறுவது, அன்றே மனு, பிறகு கல்யாணம், அந்த வாரமே மதுரையிலோ சென்னையிலோ பாதுகாப்பு மனு. மதம் வேறு என்றால் அதே வரிசை, கல்யாணத்தின் இடத்தில் 30 நாள் நோட்டீஸ். அந்த நாட்களில் பெண் மகளிர் விடுதியில் இருப்பது நல்லது. பெண்ணை ஏற்கெனவே அடைத்துவிட்டார்கள் என்றால் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டு மாஜிஸ்திரேட்டிடமோ ஆட்கொணர்வுக்கோ உடனே போங்கள். எந்த நிலைமையிலும் முதல் வேலையாக மகளிர் ஸ்டேஷன் வாசலில் மாலையோடு நிற்காதீர்கள்.

அப்புறம், ஒரு நாள் போன் வரும். அம்மாவுக்கு நெஞ்சுவலி, பாட்டி சாகக் கிடக்கிறாள், வந்து முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போ என்று. அது உண்மையாகவும் இருக்கலாம். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று கேட்டு நீங்களே விசாரியுங்கள். வீட்டுக்கு என்றால் போகாதீர்கள். சந்திப்பை நீங்கள் சொல்லும் இடத்தில், நீங்கள் சொல்லும் நேரத்தில் வையுங்கள், ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டு. அந்த ஓ.டி.பி. பெண் ஒன்றரை வருடம் கழித்துத் தன் அம்மாவை என் அலுவலகத்தில்தான் பார்த்தாள். அம்மா தனியாக வர வேண்டும் என்று சொல்லியிருந்தோம், தனியாகத்தான் வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய நெய். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன், கான்ஸ்டபிள் படிக்கட்டில் நின்றார். உள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா அவளைத் திட்டுவது கேட்டது, இப்படி இளைத்துப்போயிருக்கிறாயே என்று.